குகைக்குள் ஒரு ரைட்

அன்பரசி தன் அப்பாவை வியட்நாமுக்குக் கூட்டிப் போனதற்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஹேமந்த். படூர் ஆபீசில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன். அவனைக் கட்டிக்கொள்வதென்று அவள் முடிவு செய்து பல மாதமாகிறது. கூடுவாஞ்சேரி வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே போதும், அப்பா பெஞ்சமின் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவார். ஃபிரிட்ஜில் பால் வைக்க இடமில்லாமல் போன பிறகு அம்மா ரெஜினாதான் வழி சொன்னாள். "படகுல இட்டுகினு போய்ப் பேசு. தண்ணி நடுவுல எங்க எறங்கிப் போவாரு?"

அவரை மீறிச் செய்துகொள்ள அன்பரசியால் முடியாதென்றில்லை. அவள் சம்பாதிக்கிறாள், வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அவளுடைய முதல் கல்யாணம் ஏற்கெனவே உடைந்துபோன வீடு அது. அடுத்ததை அப்பா முகம் கொடுக்காமல் தொடங்க அவளுக்கு மனசே வரவில்லை.

பெஞ்சமின் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே காலமெல்லாம் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். நின்றே பழகிய உடம்பு, வியட்நாம் ஆற்றுப் படகில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தது. படகு வலிக்கும் வியட்நாம்கார அம்மாள் பின்னாலிருந்து அதட்டி உட்காரவைத்தாள். அவள் மல்லாந்த வாக்கில் சாய்ந்துகொண்டு இரண்டு பாதங்களாலும் துடுப்பு வலித்தாள். கை சும்மா இருந்ததால் குடை பிடித்துக்கொண்டாள். பெஞ்சமின் கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்தார். நம்ம டிரைவருங்க யாரும் இதை நம்ப மாட்டானுங்க என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆற்றின் இரு கரையிலும் நெல் பழுத்துக் கிடந்தது. அதற்கப்பால் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழும்பி, தலையில் பச்சையை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. திருக்கழுக்குன்றத்தை உடைத்து உடைத்து நட்டு வைத்ததுபோல் இருக்கிறது என்றார் அவர். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அன்பரசிக்குப் பட்டது. பட்டதும் பயமும் கூடவே வந்தது.

ஆறு ஒரு மலைக்கு அடியில் நுழைந்தது. குகையின் கூரை தாழ்ந்துகொண்டே வர, இருவரும் குனிந்தார்கள். உள்ளே நல்ல இருட்டு. பாறையிலிருந்து சொட்டிய நீர் பிடரியில் சில்லென்று விழுந்தது. முகம் தெரியாத இந்த இடத்தை விட்டால் வேறு இடம் கிடைக்காது என்று அவள் வாயைத் திறந்தாள்.

"நைனா, ஹேமந்துக்கு நான் பதில் சொல்லணும்."

இங்கே பால் வாங்கப் போக வழியில்லை.

"உம்மேல கோவம்லாம் இல்லம்மா," என்றார் பெஞ்சமின். "போன தபா அல்லாம் விசாரிச்சி நான்தான ரைட் குடுத்தேன்? போன எடத்துல உன்ன அழவெச்சானுங்க. அப்பலேர்ந்து வாயத் தொறக்கவே பயமா கீது."

இத்தனை மாதமும் அவர் கோபத்தில் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஒவ்வொரு முறை தெருவில் இறங்கியபோதும் மனிதர் இதைத்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறார். இருட்டில் துழாவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த தபா போற எடத்த நான் பாத்துக்கறேன் நைனா. நீ ரைட் மட்டும் குடு."

படகின் தகரப் பக்கத்தில் டப் டப் என்று இரண்டு தட்டு விழுந்தது.

நம்மூரில் அந்தத் தட்டுக்கு எப்பேர்ப்பட்ட பஸ்ஸும் கிளம்பிவிடும். வியட்நாம்காரிக்கு என்ன தெரியும்? என்னவோ ஏதோ என்று பயந்து படகை அப்படியே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த படகு இதன் மேல் வந்து இடித்தது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் அவரவர் பாஷையில் சத்தம் போட்டார்கள். பெஞ்சமின் பதறிப்போய், கிளம்பச் சொல்லி இன்னும் பலமாக இரண்டு தட்டினார். அவள் துடுப்பைச் சுவரில் முட்டுக் கொடுத்து இன்னும் கெட்டியாக நிறுத்தினாள்.

அன்பரசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்துவிட்டன. கையைக் காட்டி அந்த அம்மாளிடம் விளக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பெஞ்சமின் தட்டுவதை விட்டார். இருட்டில் தேடி மகளின் தலைமேல் கையை வைத்தார்.

"போலாம் ரைட்," என்றார்.