தானா போயிடும்

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரை எல்லோரும் லேமினேஷன் என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், "லேமினேஷன் போட்டுடட்டுமா?" என்று கேட்பார். கரண்ட் பில்லுக்குக்கூடக் கேட்டிருக்கிறார். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தைத்தான் நான் பழிவாங்கினேன். இதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அந்த முதலாளி வாயைத் திறந்தால் வசவுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு ரகசியமாக விண்ணப்பித்தாள். இது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை, அம்மா வாயில் எதுவும் தங்காது. விண்ணப்பத்தை லேமினேஷன் கடை மெயிலுக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்தாள். "இதை அழிச்சிடுங்கண்ணா" என்று சொல்லவும் செய்தாள்.

"அதெல்லாம் தானா போயிடும்மா" என்றார் அவர்.

கொஞ்ச நாளில் மருந்துக் கடை முதலாளி அவளை வாடிக்கையாளர்கள் முன்னால் நிறுத்தி, "பறக்கப் பார்க்கறியா?" என்று கேட்டு வெளியே அனுப்பினார். அதோடும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, இவள் கை சுத்தமில்லை என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார். இருந்த வேலையும் போனது, வர இருந்த வேலையும் போனது.

அன்று அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உன்னைத் தவிர யாருக்குடி தெரியும்?"

சத்தியம் செய்தேன், அழுதேன், சண்டை போட்டேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்று அம்மா வழியாகத்தான் பேசினாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் உதைத்துக்கொண்டு தூங்கியவர்கள் நாங்கள். சொன்னவன் யாரென்று தெரிந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடு அலைந்தேன்.

நான் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அதனால் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் என் தலையில்தான் விழும். லேமினேஷனும் ஒருநாள் வழிமறித்தார்.

"பாப்பா, சிஸ்டம் ரொம்ப இழுக்குது. கொஞ்சம் பாரேன்."

என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனார். டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தேன். ஏன் இழுக்காது? தெரு மொத்தமும் அதற்குள் இருந்தது. மாடி வீட்டு அத்தையின் ஸ்கேன் ரிப்போர்ட், வேன் டிரைவரின் விவாகரத்து மனு, டியூஷன் டீச்சரின் கடன் விண்ணப்பம். எங்கே சேமிக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்ல பிரௌசரில் வசதி இருக்கிறது. பிரைவேட் விண்டோ என்கிற தனி விண்டோவில் இறக்கியதை, அதை மூடியவுடன் அழித்துவிடச் சொல்லவும் வழி இருக்கிறது. லேமினேஷன் அந்தப் பக்கமே போனதில்லை.

அக்காவின் விண்ணப்பமும் இருந்தது, இரண்டு தடவை. இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஒன்று. அதே கோப்பை மறுபடி இறக்கினால் பிரௌசர் இப்படித்தான் வால் ஒட்டும். முதலாவது, அக்கா பிரிண்ட் எடுத்த நாளில் இறங்கியது. இரண்டாவது, அவளை வேலையைவிட்டு அனுப்பியதற்கு முந்தின நாள். அதை ஒட்டி அதே வேளையில் இறங்கிய இன்னொன்று, மருந்துக் கடையின் புது விலைப்பட்டியல்.

முதலாளி விலைப்பட்டியல் எடுக்க வந்திருக்கிறார். இவர் அக்காவின் பழைய மெயிலைத் தேடியெடுத்துத் திறந்து காட்டியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டீ வந்தது. வாங்கிக் குடித்தேன்.

அந்த பிரௌசரைச் சரிசெய்து, தெருவின் மானத்தை அப்போதே காப்பாற்றியிருக்கலாம். செய்யவில்லை. பொறி வைக்கிறவள் கதவை அடைப்பாளா? வேண்டாத புரோகிராம் சிலவற்றைத் தூக்கிவிட்டு, "இப்ப பரவால்ல பாருங்கண்ணா" என்று எழுந்து வந்தேன்.

திரையை போட்டோ எடுத்திருந்தேன். அம்மாவிடம் கொடுத்து அக்காவிடம் காட்டச் சொன்னேன். "அவ கம்ப்யூட்டர்காரி, எதை வேணா எப்படி வேணா மாத்துவான்னு சொல்லும்மா" என்று பதில் வந்தது. சரி, அப்படியானால் அந்த ஆளே தன் வாயால் சொல்லட்டும்.

லேமினேஷன் கடைக்கு நேரெதிரே ஒரு கடை பூட்டிக் கிடந்தது. அதை என் பெயரில் வாடகைக்கு எடுத்து, ஜெராக்ஸும் பிரிண்டும் போடப்போவதாக ஓர் ஒப்பந்த வரைவை நானே டைப் செய்தேன். கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. கோப்புக்கு 'கடை ஒப்பந்தம் யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று பெயர் வைத்தேன். அவர் மெயிலுக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன்.

"ஒரு காப்பி எடுத்து கவர்ல போட்டு வைங்கண்ணா. முடிஞ்சதும் அழிச்சிடுங்க."

"அதெல்லாம் தானா போயிடும்மா."

நான் போய் எடுக்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டி உள்ளே வந்தார். அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரித்த முகத்தை முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் பார்த்தேன்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? என் வயித்துல அடிக்கணும்னே எதிர்ல கடை போடறியா?"

"யாருண்ணா சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானே படிச்சேனே. ஒரு வரி விடாம படிச்சேன்."

"எதைப் படிச்சீங்க?"

"அந்த ஒப்பந்தத்தை…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடாத கவருக்குள் எட்டிப் பார்த்தேன் என்றாவது புளுகியிருக்கலாம், அதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

நான் அடுத்த கேள்விக்கு வாயெடுப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். மடித்த துணி மடியிலிருந்து சரிந்தது.

"என்னோடதையும் படிச்சீங்களா?"

"அது வந்தும்மா… அவரு நம்ம பழைய கஸ்டமரு. உங்க கடைப் பொண்ணு வேற இடம் பாக்குது போலன்னு அவர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். எங்க, காட்டுன்னாரு. காட்டினேன். தப்பா நெனச்சு செய்யலம்மா."

"நீங்க எப்படி நெனச்சீங்கன்னு கேக்கல. வெளிய போங்க."

அவர் போனபின் அக்கா கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாடி?" என்று நேராக என்னைக் கேட்டாள். "இல்லக்கா" என்று தட்டை எடுக்கப் போனேன். கடைக்காரர் மேல் இருந்த ஆத்திரம் மட்டும் ஒரு பிடி குறையவில்லை.

மிச்ச வேலையை லேமினேஷனே செய்துகொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, பூட்டிக் கிடந்த அந்தக் கடையின் கட்டடக்காரரிடம் போய்க் கத்தியிருக்கிறார், போகிற வழியெல்லாம் புலம்பியும் இருக்கிறார். மறுநாள் கட்டடக்காரர் எனக்கு போன் செய்தார்.

"நீங்க கடை எடுக்கறதா தெருவே சொல்லுது. எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "எடுப்போம்" என்றாள்.

எடுத்தோம். கடையை அக்கா பார்த்துக்கொண்டாள், நான் மாலையில் போவேன். கம்ப்யூட்டர் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவைத்தேன். எந்தக் கோப்பும் தனி விண்டோவில்தான் இறங்கும், வந்த மெயிலையும் உடனே அழிப்போம், விண்டோவை மூடினால் ஒன்றும் மிஞ்சாது. லேமினேஷன் என்ன செய்தார் என்பதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மாடி வீட்டு அத்தையிடம் முதலில் சொன்னேன், அதன்பின் எனக்கு வேலையே இருக்கவில்லை. எதிர்க்கடையில் ஈயாடியது. கடைக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மழைநாளில் லேமினேஷன் தெருவைக் கடந்து வந்தார். அவருடைய பிரிண்டர் போய்விட்டதாம், சரிசெய்யவில்லையாம். போனிலிருந்து ஒரு கோப்பை அனுப்பினார். அக்கா திறந்தாள். பக்கத்து ஊர் அச்சகத்துக்கு வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம்.

"வீட்ல இன்னும் சொல்லலம்மா. கடையை மூடப்போறேன்னு தெரிஞ்சா என் கடை ஓனரும் வாடகை பாக்கிக்குக் கழுத்தைப் பிடிப்பான். யாருக்கும் தெரியக் கூடாது."

அக்கா பிரிண்ட் எடுத்து நீட்டினாள். அவர் காகிதத்தில் கண்ணாக இருக்கும்போதே மெயிலை அழித்து விண்டோவை மூடினாள். அத்தோடு அது இல்லாமல் போனது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. காகிதத்தை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றார்.

"அழிச்சிட்டியாம்மா?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதெல்லாம் தானா போயிடும்ணா."