முகப்புத் திரையில் ஒரு சாம்பல் கட்டம்

ஓடாத போனைக் கொண்டுவருபவர்கள்மேல் எனக்குக் கோபம் வராது. ஓடுகிற போனைக் கொண்டுவந்து உயிரை வாங்குபவர்கள்மேல்தான் வரும். அன்று மாலை ஐந்தே காலுக்கு என் ரிப்பேர் கடைக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக் அந்த ரகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எதிர்க் கட்டடத்து லிஃப்டில் வேலை. கையெல்லாம் கிரீஸ். போனை மட்டும் சுத்தமான கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

“எல்லாம் நல்லாத்தான் ஓடுதும்மா. இந்தக் கட்டம் மட்டும் நாலு நாளா வரமாட்டேங்குது.”

முகப்புத் திரையில் கடிகாரத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு விட்ஜெட், ஆப்பைத் திறக்காமலே அதிலிருப்பதைக் காட்டும் கட்டம். அதற்குள் ‘ஏற்ற முடியவில்லை’ என்று இரண்டே சொல். இரண்டு பேர் குறிப்பு எழுதிக்கொள்கிற ஆப்பினுடையது அது. ஒருவர் எழுதினால் மற்றவர் திரையில் தெரியும்.

“இதுக்கா வந்தீங்க? எடுத்துட்டு மறுபடி வச்சா சரியாயிடும்ணே.”

“எடுத்துடாதீங்க!” என் கையைத் தடுக்க வந்தவர், கிரீஸைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அது எம் பொண்டாட்டி வச்சது. அவ நர்ஸு, ராத்திரி டியூட்டி. எனக்குப் பகல்ல வேலை. அவ வர்றதுக்குள்ள நான் கிளம்பிடுவேன், நான் திரும்பறதுக்குள்ள அவ கிளம்பிடுவா. நாங்க பேசிக்கிறதே இதுலதான்.” கொஞ்சம் தயங்கினார். “ஞாயித்துக்கிழமை சண்டை. ஆப்பைத் திறந்து பாக்கத் தைரியம் வரல. அவ என்னை இதுலேர்ந்து எடுத்துட்டாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

போனை அணைத்துப் போட்டேன். கட்டம் அசையவில்லை. நெட் இருந்தது, ஆப்பும் புதியதுதான். பேட்டரிப் பக்கத்தைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். மின்சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் போதாதென்று முப்பத்தேழு ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தூங்கவைத்திருந்தது ஒரு கை. தூங்குகிற ஆப் விட்ஜெட்டுக்கு எதைக் கொண்டுவந்து தரும்?

“யாருண்ணே பண்ணினது இதை?”

“நான்தான். ஓடாத எதுக்கும் கரண்ட் போகக்கூடாது. எங்க வேலையில அதான் பழக்கம்.” குரல் இறங்கியது. “ஞாயித்துக்கிழமை டியூட்டில அவளுக்கு மயக்கம் வந்துடுச்சு. பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா. என் போன் செத்துக் கிடந்துச்சு. ‘நான் போய்ச் சேந்தாலும் உங்களுக்குத் தகவல் வராது’ன்னா. இனிமே ஒரு நாளும் சார்ஜ் தீரக்கூடாதுன்னுதான் அன்னிக்கே உக்காந்து…”

இந்த மனிதரைத் திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா?

“சரி, போன் பண்ணியாவது பேசியிருக்கலாமே?”

“பகல்ல தூங்குவா. எழுப்ப மனசு வரல.” பயம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்!

அந்த ஆப்பை மட்டும் எழுப்பினேன், மின்சேமிப்பை நிறுத்தினேன். கட்டம் வெள்ளையானது. எழுத்து வரத் தொடங்கியதும் போனை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். மற்றவர் திரையைப் படிப்பதில்லை என்பது என் கடைச் சட்டம். அவரோ வாய்விட்டே படித்தார்.

“திங்கக்கிழமை. ‘சண்டை தனி, சாப்பாடு தனி. ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன்.’ செவ்வாய். ‘ஏன் சாப்பிடல?’ புதன். ‘நானும் அன்னிக்கு அதிகமாத்தான் பேசிட்டேன்.’” அடுத்ததில் நிறுத்திவிட்டார். போனை என்னிடம் நீட்டினார். இன்று காலை எழுதியது: ‘எல்லாம் அப்படியே இருக்கு. புரிஞ்சுது. இனிமே எழுதல.’

“நான் ஃபிரிட்ஜத் திறக்கவே இல்லம்மா. கோவமா இருக்கா, ஒண்ணும் வச்சிருக்கமாட்டான்னு கடையிலயே சாப்பிட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அதுல எழுதுங்க.”

ஒற்றை விரலால் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ‘போன் கோளாறு. என் கோளாறும்தான். இப்பத்தான் எல்லாம் படிச்சேன்.’ அனுப்பிவிட்டுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம். நானும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கட்டம் மாறியது.

‘சார்ஜ் எவ்வளவு இருக்கு?’

அவர் திரையின் மூலையைப் பார்த்தார். நாலு சதவீதம். பேட்டரியே கிழடு. பாவி நான், சார்ஜில் போடக்கூடத் தோன்றவில்லை.

“எம்பதுன்னு போடட்டுமா?”

“உண்மையப் போடுங்கண்ணே.”

‘4’ என்று போட்டார். அடுத்த நிமிடமே போன் அடித்தது. அணைவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அவளே கூப்பிட்டுவிட்டாள். அவர் எடுப்பதற்குள் நான் சார்ஜர் ஒயரைச் செருகினேன். ஒயர் குட்டை. நிமிர முடியாமல் என் மேஜைமேல் குனிந்தபடியே பேசினார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

“கொட்டிடாதடி,” என்பது காதில் விழுந்தது. “நாலு நாள் ஆனா என்ன? நான் வந்து சாப்பிடறேன்.”