இரண்டு தரம் கூட்டிய வெளிச்சம்

ஓசோனை அளக்கும் கருவி விண்ணுக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. அதன் கண்ணாடி வெயில் பட்டு மங்கிக்கொண்டே வருகிறது. இந்த மாதம் அது காட்டிய ஓசோன், தரையில் அளந்ததைவிட மிகக் குறைவு. இன்று மதியத்துக்குள் சரியாகாவிட்டால் அணைத்துவிடலாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

கருவியைக் கட்டிய நாளிலிருந்து கவனித்துவரும் பொறியாளர் அம்மாளுக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. கருவி அனுப்பும் வெளிச்ச அளவிலிருந்து ஓசோனைக் கணக்கிடும் பிரிவுக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருப்பவர் அவருடைய கணவர்தான்.

“என்னங்க, கண்ணாடி மங்கினதுக்கு ஈடா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டச் சொல்லி கருவிக்குப் போன மாசமே கட்டளை அனுப்பிட்டேன். அப்புறமும் ஏன் இப்படி?”

கணவர் மெதுவாகத் திரும்பினார். “நீ கூட்டினியா? நானும் கூட்டியிருக்கேனே, இங்க கணக்குல.”

“யாரைக் கேட்டுக் கூட்டினீங்க?”

“நீ யாரைக் கேட்ட?”

“ரெண்டு தரம் கூட்டினா வெளிச்சம் கண்டபடி ஏறும். ஓசோன் வெளிச்சத்தை உறிஞ்சறதாச்சே, வெளிச்சம் ஏறினா ஓசோன் கம்மின்னுதான் கணக்கு சொல்லும். தலையெழுத்து. எனக்கு ஏன் தகவல் அனுப்பலை?”

“எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரே வீட்டுல இருக்கோம், உனக்கு நேர்லயே சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.”

அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நானும் அப்படித்தான் விட்டேன். சாப்பிடறப்போ சொல்லலாம்னா, ஆபீஸ் பேச்சை எடுத்ததுமே அத்தை குழம்பைத் தூக்கிட்டு உள்ள போயிடறாங்க.”

“இதுல எங்கம்மாவை ஏன் இழுக்கறே? சரி, உன்னோடதை எடுத்துடு.”

“கட்டளை அனுப்பணும்னா, செயற்கைக்கோள் நம்ம பக்கம் வர்றதே சாயங்காலம். அதுக்குள்ள அணைக்கறதுன்னு முடிவாகிடும். உங்களுக்கு ஒரு வரி அழிக்கிற வேலை.”

“அந்த ஒரு வரிக்கு நான் எவ்வளவு மண்டையை உடைச்சுக்கிட்டேன் தெரியுமா?”

“இப்ப என் மண்டை உடையுது. அழிங்க.”

அழித்தார். கணக்கு மறுபடி ஓடியது. இயக்குநர் வந்தபோது திரையில் கருவியின் கோடும் தரையில் அளந்ததன் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

“அட, கருவி நல்லாத்தானே இருக்கு. தப்பு எங்க?”

“எங்ககிட்டதான் சார்,” என்றார் அம்மாள்.

“ஓடட்டும், அணைக்க வேண்டாம். நடந்ததை ரெண்டு பேருமா எழுதிக் குடுங்க.”

அவர் போனதும் கணவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். “முதல்ல நீ கூட்டினதா எழுதட்டுமா?”

“எழுதித்தான் பாருங்களேன்,” என்றபடி அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.