நட்டை முதலில் மாட்ட வேண்டும்

இறந்தவர்களுக்குக் குடிநீர் இணைப்புக் கொடுக்கும் திட்டத்தில் எங்கள் தெருவில் என் வீடு மட்டும் பாக்கி இருந்தது. ஐந்து மணிக்குள் குழாயைச் சேர்க்காவிட்டால் இணைப்பு ரத்து. காலையிலேயே ஆய்வாளர் வந்து, எங்கள் மாவு கிரைண்டரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க உயிரோட இருக்கீங்கன்னு யாரும்மா சொன்னா?”

“நான்தான்.”

“சொந்தக்காரங்க சொன்னா செல்லாது.”

கிரைண்டரைக் கேட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. குறித்துக்கொண்டார்.

பின்வாசலுக்குப் போகும் நடை பன்னிரண்டு அடிதான். அன்று அதைக் கடக்க மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே இரண்டு கருப்புக் குழாய்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று எங்கள் தொட்டியிலிருந்து வந்தது. அதன் முனையில், இரண்டு குழாய்களையும் சேர்க்கும் கப்ளிங்கை மாட்டியிருந்தார்கள். மற்றது என் கணவர் தவசிமுத்துவிடமிருந்து வந்தது. பிளம்பராக இருந்தவர். இறந்து ஏழு மாதம்.

அதில் காதை வைத்தேன்.

“ஏட்டி கனி, தாகமா இருக்கு. பசை எதுவும் தடவிராத. இது நட்டு முறுக்குற ஜாயிண்டு.”

“தெரியும்ங்க.”

தண்ணீர் வந்துவிட்டால் குழாயில் பேச்சு வராது. ஆய்வாளர் கொடுத்த படிவத்தின் ஆறாவது வரியில் அப்படித்தான் இருந்தது.

அவர் குழாயின் முனையை நேராக வெட்டினேன். எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று பேனாவால் கோடு போட்டேன். கப்ளிங்குக்குள் அழுத்தினேன்.

“நட்ட மொதல்ல குழாயில மாட்டினியா?”

நட்டும் வளையமும் தரையில் கிடந்தன.

“இல்ல.”

“முப்பது வருசமா சொல்லுதேன். மண்டையில ஏறுதா பாரு!”

வெகுநேரம் திட்டினார். கேட்க நன்றாக இருந்தது. குழாயை உருவி, நட்டைத் தரையிலேயே விட்டுவிட்டு, மறுபடி அழுத்தினேன்.

“மாட்டினியா?”

“மறந்துட்டேன்.”

திரும்பவும் திட்டினார். மூன்றாவது முறை திட்டவில்லை.

“இன்னைக்கு என்ன கொழம்பு?”

“நெத்திலி.”

“மாங்கா போட்டியா?”

“போட்டேன்.”

பிறகு, “நாக்கு ஒட்டுது, கனி” என்றார். குரல் காய்ந்திருந்தது.

நடையின் அந்தக் கோடியில் கிரைண்டர் ஆய்வாளரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. சுற்றுக்கு ஒரு நிமிடம். “நாலு அம்பத்தெட்டு!” என்று கத்தினார்.

நட்டை மாட்டினேன். அதன் பின்னால் வளையம். கோடு வரைக்கும் குழாயை அழுத்தி, கையாலேயே முறுக்கினேன்.

“இன்னும் அரைச் சுத்து. போதும்.”

“வால்வத் திறக்கட்டுமாங்க?”

“பொறு. மாங்கா எந்த மரத்துல பறிச்ச?”

“நம்ம கெணத்தடி மரம்.”

“சரி. தொற.”

திறந்தேன். உள்ளங்கைக்கு அடியில் குழாய் குளிர்ந்தது. பிறகு மடக் மடக்கென்று அதிர்ந்தது.

ஆய்வாளர் வந்து இணைப்பைத் தடவிப் பார்த்தார். ‘கசிவு இல்லை’ என்று எழுதினார்.

“கொஞ்சம் கசிஞ்சா மறுபடி கழட்டி மாட்டலாமே சார்” என்றேன்.

“அதுக்கு வேற படிவம்மா.”

ஒன்று கொடுங்கள் என்று கையை நீட்டினேன்.