தனி அறை

ஜானெட்டா காலை ஷிப்டுக்கு வந்தபோது அவளுடைய லாக்கரின் பூட்டு அறுக்கப்பட்டிருந்தது. துணி, செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் கட்டிக் கிடந்தன. உடை மாற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்லோவாக்கியாவில், கோஷிட்சே ஊருக்கு வெளியே, கார் இருக்கை உறை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு இது ஆறாவது வருடம். நாற்பது பெண்களில், ஊர் ஒதுக்கிவைக்கும் ரோமா இனத்தவள் அவள் மட்டுமே.

மேற்பார்வையாளர் விளாஸ்தா தன் அறைக்குக் கூப்பிட்டாள். போன மாதம் சமத்துவப் பயிற்சிக்குப் போய்வந்தவள். அங்கே கொடுத்த வில்லையை இன்னும் சட்டையில் குத்தியிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காத. உன்கூட நின்னு துணி மாத்த மாட்டோம்னு மத்தவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. உன் மனசு நோகக் கூடாதுல்ல? அதான் தனி ரூம். அவங்கவங்க தேவைக்கு ஏத்த மாதிரி செய்யணும்னுதான் பயிற்சியிலயும் சொன்னாங்க.”

“என் தேவை என்னன்னு யாரு மேடம் கேட்டா?”

“இந்த வாய்தான் உங்க ஆளுங்களுக்கு.”

மேசையில் கிடந்த மனுவில் முதல் கையெழுத்து மிலடாவுடையது. ஆறு வருடமாக அடுத்த மெஷின்காரி. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுக்க அவள் பங்கையும் சேர்த்துத் தைத்தவள் ஜானெட்டா.

“உனக்கு நான் என்னடி பண்ணேன்?” மெஷினுக்குத் திரும்பியதும் ஜானெட்டா அவளிடம் கேட்டாள்.

மிலடா ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்: “எல்லாரும் போட்டாங்க, போட்டேன். பெரிசு பண்ணாத.”

“முதல் பேரே உன்னோடது.”

மிலடா மெஷினை மிதித்தாள்.

தனி அறை என்றது துடைப்பமும் பினாயிலும் வைக்கிற இடம். சன்னல் கிடையாது, துணி மாட்ட ஒரே ஆணி.

வியாழக்கிழமை ஜெர்மனித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். சுவரில் மாட்டப் படம் எடுத்தார்கள். விளாஸ்தா ஜானெட்டாவை இழுத்து நடுவில் நிறுத்தி, “சிரிச்சுத் தொலை” என்று பல்லைக் கடித்தாள். வந்தவள் ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்டாள்.

“இங்க சந்தோஷமா இருக்கியான்னு கேக்குறாங்க,” என்றாள் விளாஸ்தா.

“பினாயில் ரூம்ல துணி மாத்துறேன்னு சொல்லுங்க.”

“ஒரே குடும்பம் மாதிரி இருக்கோம்னு சொல்றா,” என்று விளாஸ்தா ஜெர்மனில் சொன்னாள்.

இந்த வேலைக்கு முன்னால் ஜெர்மனியில், மியூனிக்கில் இரண்டு வருடம் ஹோட்டல் அறைகளைத் துடைத்தவள் ஜானெட்டா; விளாஸ்தா சொன்னது அவளுக்குப் புரிந்தது. சம்பளம், வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்தன.

“நான் அப்படிச் சொல்லல,” என்றாள், தட்டுத்தடுமாறிய ஜெர்மனில். “வாங்க, காட்டுறேன்.”

விளாஸ்தா குறுக்கே வருவதற்குள் அந்த அம்மாள் நடக்கத் தொடங்கியிருந்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மிலடாவுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஊசிக்கடியில் துணியே இல்லாமல்.