எருமையை எழுப்பாதீர்கள்

எருமைக்காரி என்று பெயரே தவிர அவளிடம் மாடு கன்று எதுவும் கிடையாது. ஒரு நாளிதழின் கடைசிப் பக்கத்து மூலையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டத்தில், தினமும் ஓர் எருமையை வரைந்து அதன் வாயில் ஒரு நகைச்சுவையைத் திணிப்பது அவள் வேலை. பதினோரு வருஷம், ஒரு நாள் தவறாமல். காய்ச்சலிலும் வரைந்தாள், கல்யாணத்தன்றும் வரைந்தாள். வாசகர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு வருஷமாகச் சிரிப்பு வராமல் போனது அவளுக்குத்தான். சரக்கு தீர்ந்துவிட்டதோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தாள்.

விழுங்கிய பயம் கடைவாய்ப் பல்லில் வந்து நின்றது. தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்துப் பல்லில் விரிசலே விழுந்துவிட்டது. மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் அவளுடைய அண்ணி. விளக்கை இழுத்து வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு அண்ணி கொதித்துப் போனாள்.

"தூக்கத்துலயும் வேலை பாக்குறியா நீ? நாப்பது நாளைக்கு பென்சிலைத் தொட்டே, இந்தப் பல்லைப் பிடுங்கிக் கையில குடுத்துடுவேன்."

"நான் வரையலைன்னா எல்லாரும் மறந்துடுவாங்க அண்ணி."

"மறக்கட்டும். பல்லு போனா திரும்ப முளைக்காது."

அண்ணி சொல்லுக்கு அந்த வீட்டில் அப்பீல் இல்லை. அவள் தூங்கும் எருமை ஒன்றை வரைந்து, ஒரு கடிதத்தோடு ஆசிரியருக்கு அனுப்பினாள். 'நாற்பது நாள் விடுமுறைக்காக இந்தப் படம்' என்பது முதல் வரி. 'நாளை மட்டும் போடுங்கள், மறுநாளிலிருந்து வேறு ஓவியரைப் பாருங்கள்' என்பது இரண்டாம் வரி. எந்தக் கடிதத்திலும் முதல் வரியைத் தாண்டிப் படிப்பது ஆசிரியரின் ஜாதகத்திலேயே இல்லை. மனிதர் அதே படத்தைத் தினமும் போட ஆரம்பித்தார். இவளோ பேப்பரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள்.

சும்மா இருப்பது சாமானிய வேலையா? முதல் வாரம் கை நமநமவென்று அரித்தது. ஜன்னல் தூசியில் விரலால் கொம்பு வரைந்து, சட்டென்று அழித்தாள். வீட்டில் இருந்தால் ஆளுக்கு ஆள் "இப்ப என்ன பண்றே?" என்று கேட்டுக் கொன்றார்கள். கடைசியில் அண்ணியின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் வீங்கியவர்கள் ஊர்வம்பு பேசமாட்டார்கள் என்று கணக்கு.

ஒன்பதாம் நாள் அந்தக் கணக்கு பொய்த்தது. கன்னத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவர் பேப்பரை மூக்குக்கு அருகில் பிடித்து, "நேத்தைவிட இன்னைக்கு வாலு கொஞ்சம் நகர்ந்திருக்கு" என்றார்.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி எட்டிப் பார்த்தார். "வாலாவது ஒண்ணாவது. வயித்தைப் பாருங்க, மூச்சு விடுது."

"மெதுவாப் பேசுங்க" என்றார் ரூட் கேனலுக்கு வந்த மூன்றாமவர். "முழிச்சுக்கப் போவுது."

எருமைக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் எருமை! அடிவயிற்றிலிருந்து ஏதோ குபுக்கென்று கிளம்பியது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடி, கதவைச் சாத்தி, சுவரில் சாய்ந்து சிரித்தாள். வலிதான் தாங்கவில்லை போல என்று வெளியே மூன்று பேரும் பரிதாபப்பட்டார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் ஆசிரியர் போனில் குதித்தார். "மேடம், கடிதம் மூட்டை மூட்டையா வருது! பக்கத்துல சினிமா விளம்பரம் போடாதீங்க, சத்தத்துல எருமை முழிச்சுக்கும்ங்கிறாங்க. ஞாயித்துக்கிழமை எழுப்பிடுங்க. முதல் பக்கம், முழு கலர்!"

பதினோரு வருஷத்தில் முதல் பக்கத்தை எருமை எட்டிப் பார்த்ததே இல்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும்போது யார் வேண்டாம் என்பார்கள்? அண்ணிக்குத் தெரியாமல் பென்சிலை எடுத்தாள். எருமை எழுந்தது, வாயைத் திறந்தது. வந்தது என்னவோ பழைய புளித்த ஜோக். அதன் கண்ணில் தூக்கம் இன்னும் பாக்கி இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் தூங்கி முடிக்கல சார்" என்றாள் போனில்.

"எருமையா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்புறம் அந்தக் கட்டம் வேற ஆளுக்குப் போயிடும் மேடம். என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"போகட்டும் சார்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் சத்தியத்தை மீறிப் பேப்பரைப் பிரித்தாள். கட்டத்தில் யாரோ வரைந்த ஒரு பூனை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். வேடிக்கை என்னவென்றால், இனி இழக்க ஒன்றுமில்லை என்றதும் அப்படி ஒரு தூக்கம் வந்தது! பல் கடிக்காமல், கனவு இல்லாமல், மத்தியானத்திலும் தூங்கினாள். எழுந்தால் பட்டாணி உரித்தாள், மழையை வேடிக்கை பார்த்தாள். யார் என்ன கேட்டாலும் எருமை மேல் மழை பெய்த மாதிரி இருந்தாள். பூனை ஒரே நாளில் ஓட்டம் பிடித்ததும், 'தூங்குகிற ஜீவன் பக்கத்தில் பூனையை விடுகிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?' என்ற கடிதங்களுக்குப் பயந்து ஆசிரியர் பழைய படத்தையே திரும்பப் போட்டதும் அவள் காதுக்கு வரவே இல்லை. அண்ணி வரவிடவில்லை.

நாற்பதாம் நாள் வந்தது, போனது. அவள் கவனிக்கவே இல்லை. நாற்பத்து மூன்றாம் நாள் காலை, காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தவள் பாதி மடிப்பில் நின்றாள். துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். பென்சில் கிடைக்கவில்லை. கிடைத்த பேனாவால், மளிகைச் சீட்டின் பின்பக்கம் வரைந்தாள். கை தானாக ஓடியது. எருமை ஒரு கண்ணைத் திறந்து, வாசகர்களை மேலும் கீழும் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"என்னப்பா, நீங்க யாரும் இன்னும் தூங்கவே இல்லையா?"

இந்தத் தடவை துப்பட்டாவும் இல்லை, கழிவறையும் இல்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, மாடியில் வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி திடுக்கிட்டு எழும் அளவுக்குச் சத்தமாக, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தாள்.