ஹரிஹரன் தலைக்கு நேர்ந்த மொட்டை

சைரன் அலறிய அலறலில் கமலாவின் கையிலிருந்த தோசைத் திருப்பி எகிறிப் போய்த் தேங்காய்ச் சட்னியில் விழுந்தது.

"ஐயோ, வந்துட்டானுங்க!"

யாரும் வரவில்லை. எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து ஊர் ஊராக நடக்கும் போர்க்கால ஒத்திகை அன்று திருத்தணிக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் விளக்கை அணைக்க வேண்டும் என்று காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் மகன் ஹரிஹரன் அதே எல்லையில் பட்டாளத்தில் இருக்க, நாலு நாளாக அவன் போன் ஊமையாகக் கிடக்க, மைக்கில் சொன்னது எந்தத் தாய்க்கு ஞாபகம் இருக்கும்?

கணவர் நாகராஜனுக்காவது இருந்திருக்கலாம். விசைத்தறியை நிறுத்திவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து போரையே நடத்திக்கொண்டிருந்தவர் அவர். ஊறுகாய் ஜாடி எதிரி முகாம், உப்பு டப்பா நம் பீரங்கி என்று சாப்பாட்டு மேஜையில் வியூகம் வகுத்த தளபதி, இப்போது அந்த மேஜைக்கு அடியில் இருந்தார்.

"அங்க இன்னாங்க பண்றீங்க?"

"ஒத்திகைன்னா ஒழுங்கா பண்ணணும். நீயும் உள்ள வா."

மருமகள் யுவஸ்ரீ விளக்குகளை அணைத்தாள். தெரு இருண்டது. மலைமேல் கோயில் விளக்கும் போனது. கமலா வாசலுக்கு ஓடி, மலை இருக்கும் திசை என்று நினைத்துக் கைகூப்பினாள். அது எதிர் வீட்டு மாடியின் தண்ணீர் டேங்க்.

"தணிகேசா! எம்புள்ள குரல கேக்க வையி. அவன் நல்லபடியா வந்ததும் மலைக்கு இட்டாந்து மொட்டை போட்டுடறேன். ஒத்த முடி பாக்கி வைக்க மாட்டேன்!"

சைரன் நின்றது. போன் அடித்தது.

"அம்மா, ஹரி பேசறேன். நல்லா இருக்கேன். இங்க சண்டை அடங்கிடுச்சி. ஆடிக் கிருத்திகைக்கு லீவு கேட்டுகினு இருக்கேன்."

கண்ணைத் துடைக்க ஒரு கை, போனைப் பிடிக்க ஒரு கை. மருமகள் நீட்டிய கையில் போனைக் கொடுக்கக் கமலாவுக்கு மூன்றாவது கை இல்லை.

"அத்தை, ஒரே ஒரு நிமிஷம் குடுங்க."

"இரும்மா. டேய், சாப்ட்டியாடா?"

அதற்குள் பக்கத்து வீட்டு பானுப்ரியா, "ஹரியா அக்கா?" என்று டார்ச்சோடு வந்துவிட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று கமலா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டேய், வந்ததும் மொதல் வேலை மொட்டை. முருகன்கிட்ட சொல்ட்டேன்."

"தலையில முடி இருந்தாதானேம்மா? இங்க ஒட்ட வெட்டி உட்டுட்டாங்க."

"முருகன் ஏமாந்தான்!" என்றது மேஜையின் அடிப்பக்கம்.

"அத்தை, மொட்டை மட்டும் வேணாமே," என்றாள் யுவஸ்ரீ.

கமலாவுக்குச் சுருக்கென்றது. வேண்டி முடித்து மூச்சு விடுவதற்குள் போனை அடிக்கவைத்த சாமி. அந்தச் சாமியிடம் சொன்ன சொல்லை மாற்றுவதா? பிள்ளை இன்னும் வீடு வந்து சேரவில்லை. அவன் ரயிலை விட்டு இறங்கும்வரை முருகனைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

"உம்புருஷன் அழகு கெட்டுடுமா? முடி பெருசா, உயிர் பெருசா?"

"அது இல்ல அத்தை..."

"பின்ன எது? சாமி குத்தத்துல எங்கள தள்ளப் பாக்கறியா?"

"ஆங், நேந்துகினா செஞ்சிடணும் யுவா," என்று பானுப்ரியா எண்ணெய் ஊற்றினாள்.

"வேணும்னா நான் போட்டுக்கறேன்," என்றபடி நாகராஜன் வெளியே வந்தார்.

கமலா டார்ச்சைப் பிடுங்கி அவர் தலைமேல் ஒளியை அடித்தாள். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது.

"இத்த குடுத்தா முருகன் வாங்குவாரா?"

"யுவா, வுடு," என்றான் ஹரி. "ஒரு மொட்டைதானே, அடிச்சிக்கறேன்."

"பாவா, நீங்க சும்மா இருங்க. மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு நாலு நாளா காத்துகினு இருக்கேன். இந்த வீட்ல போன் என் கைக்கு வந்தாதானே!" என்றவள், மாமியார் பக்கம் திரும்பினாள்.

"பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கறப்போ புருஷன் தலையில கத்தி படக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லினு திரியறது நீங்கதானே அத்தை?"